மயில்துத்தம் கலக்காத பசை

தங்கை ஜெயித்தவற்றை அக்கா விரல் மடக்கித்தான் எண்ணுவாள். வரிசை மாறாது.

ஒன்று, மூச்சு. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். மருத்துவச்சி ஒரு பழந்துணியில் சுற்றி மூலையில் வைத்துவிட்டுத் தாயைக் கவனிக்கப் போய்விட்டாள். பிழைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அரைமணி கழித்து மூலையிலிருந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. இரண்டு, முதுகு சாயும் நாற்காலி. பசை அறையில் பதினெட்டுப் பெண்களும் முக்காலியில் குந்தி முதுகொடிந்த காலத்தில், மேஸ்திரியை ஒன்றரை வருடம் நச்சரித்து வாங்கியது. தனக்கு மட்டும் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லி, பதினெட்டும் வந்த பிறகுதான் உட்கார்ந்தாள். மூன்று, அந்த அறையில் ஆணி அடித்து மூடியிருந்த ஜன்னலைத் திறக்க வைத்தது. நான்கு, இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியது. சபையே கூப்பிட்டுக் காரணம் கேட்டும் வாயைத் திறக்காமல் வந்தது. ஐந்து, எழுத்து. ஆறு, ஒரு கிழவர் தம் சொந்தக் கட்டிலில் செத்துப்போனது.

ஆறாவதைக் கேட்டவர்கள் முழிப்பார்கள். "அதுல ஜெயிக்க என்ன இருக்கு?" என்பார்கள். "இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா ஊசியில் நூல் கோர்ப்பாள்.

அக்காவுக்கு வேலை, சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது. ஒரு சட்டைக்கு ஏழு காஜா, ஒரு காஜாவுக்கு இருபத்தெட்டுத் தையல். இருபத்தேழு போட்டாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியும், அதனால் போட மாட்டாள். தாயும் தகப்பனும் போன பிறகு, தன்னைவிடப் பதின்மூன்று வயது இளையவளை அவள்தான் வளர்த்தாள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அந்த ஜன்னலடியில் அக்காவின் தையல் பெட்டி. அவ்வளவுதான் வீடு.

தங்கை வேலை செய்த இடம் சபையின் நூலகத்துக்குப் பின்னால் இருந்தது. சபை என்றால் அந்த ஊரில் எல்லாம் அதுதான். வழிபாட்டுக் கூடம் அதனுடையது, பள்ளிக்கூடம் அதனுடையது, யார் யாரைக் கட்டலாம் என்பதும் அதனுடையது. பெண்கள் படிக்கலாம், எழுதக் கூடாது. "படிக்கத் தெரிந்த பெண் வழிபடுவாள், எழுதத் தெரிந்த பெண் கடிதம் போடுவாள்" என்று மூத்தவர் ஒருவர் எந்தக் காலத்திலோ சொன்னதைப் பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். சம்பளம் வாங்கவும், வீடு மாற்றவும், சாட்சி சொல்லவும் பெண்கள் கட்டைவிரலை மையில் தோய்த்துத்தான் வைக்க வேண்டும். ஊர்ப் பெண்களின் இடது கட்டைவிரலில் எப்போதும் கொஞ்சம் கறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாணப் பெண்ணுக்குக்கூட.

சபை புத்தகங்களை எரிப்பதில்லை. எரித்தால் புகை வரும், புகை வந்தால் பக்கத்து ஊர் என்னவென்று கேட்கும் என்று மேஸ்திரி சொல்வார். அதற்குப் பதில் ஒட்டினார்கள். திருத்தப் பிரிவிலிருந்து புத்தகங்கள் சிவப்புப் பென்சில் கோடுகளோடு வரும். கோடு போட்ட வரிகளின் மேல், அதே அகலத்துக்கு வெட்டிய வெள்ளைத் தாளைப் பசை தடவி ஒட்டி, மேலே பலகை வைத்து அழுத்திக் காய வைப்பதுதான் பதினெட்டுப் பெண்களின் வேலை. கதைப் புத்தகங்களுக்குத்தான் ஒட்டுத்தாள் அதிகம் தேவைப்பட்டது. அதிலும் கடைசி அத்தியாயங்களுக்கு.

ஏனென்றால் சபைக்கு வீரர்கள் மேல் கோபம் கிடையாது. கதாநாயகன் சபையை எதிர்த்து முன்னூறு பக்கம் கத்தலாம், ஓடலாம், மலையேறி ஒளியலாம். ஆனால் கடைசியில் மண்டியிட வேண்டும். மண்டியிடாதவனின் கடைசிப் பேச்சு முழுக்க வெள்ளைத் தாள்தான். பேசாமல் போனவன் மனம் திருந்திப் போனான் என்று வாசிப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

"நம்ம ஊரு கதைல எல்லா வீரனுக்கும் கடைசி அத்தியாயத்துல பல்வலி வந்துடும்க்கா. ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்" என்பாள் தங்கை.

சாப்பிடும்போதுதான் இந்தப் பேச்செல்லாம். ஒட்டும் முன் வரிகளை அவள் வாசித்துவிடுவாள். வாசிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. பசை தடவுகிறவள் வாசிப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அப்படிப் பதினொரு வருடத்தில் ஊரிலேயே வேறு யாரும் வாசிக்காத முடிவுகளையெல்லாம் அவள் வாசித்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே அக்காவுக்குச் சொல்வாள்.

ஒருநாள் உப்பளத்துக்காரி கதையைச் சொன்னாள். உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தி, சபை சொல்வது தப்பு என்று கூடத்தின் நடுவில் எழுந்து சொல்லிவிடுகிறாள். உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார், அவன் பெயரைச் சொல், உன்னை விட்டுவிடுகிறோம் என்கிறார்கள். அவள் சொல்கிறாள்: "நான் சொன்னதை நான்தான் சொன்னேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை."

"அப்புறம்?"

"அடுத்த வரியில செத்துப்போயிடுறா."

"ஐயோ பாவம்."

"பாவம் என்ன பாவம்? செத்தவளுக்கு என்ன, சுலபம். மறுநாள் காலைல எந்திரிச்சு உலை வைக்கணுமா? ரேஷன் வரிசைல நிக்கணுமா? எழுதினவரு ரொம்ப நல்லவரு, அவளுக்கு அந்தத் தொல்லையே வைக்கலை." தங்கை தட்டை வழித்தாள். "இன்னொண்ணு கவனிச்சியா? எந்தக் கதைலயும் வீரனுக்கு ஒரு அக்கா இருக்கவே மாட்டா. அம்மா இருப்பா, அழுதுட்டு சீக்கிரம் போய்ச் சேர்ந்துடுவா. காதலி இருப்பா. அக்கா மட்டும் கிடையாது."

"ஏனாம்?"

"இருந்தா கதை நடக்காதுல்ல. காதைப் பிடிச்சு வீட்டுக்கு இழுத்துட்டு வந்துடுவா."

இருவரும் சிரித்தார்கள்.

எழுத்து எப்படி வந்தது என்பதை அக்கா வெகு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தாள். பசை அறையின் மேஜை கடப்பைக்கல். பசைத் தூரிகையைக் கழுவிய தண்ணீரால் அதன் மேல் என்ன எழுதினாலும் நிமிடத்தில் காய்ந்துபோகும். பார்த்துப் படித்த எழுத்தைப் பார்த்து வரைந்து, காய்வதற்குள் இன்னொரு முறை வரைந்து, இப்படியே ஒருத்தி எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறாள். வீட்டிலும் ஒரு காலை, சமையல்கட்டுத் தரையில் விரலைத் தண்ணீரில் தொட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா பார்த்துவிட்டாள். காலால் தேய்த்து அழித்தாள். அழித்த பிறகுதான் அது தன் பெயர் என்று தெரிந்தது. தங்கை தன் பெயரை எழுதவில்லை. அக்காவின் பெயரைத்தான் எழுதியிருந்தாள்.

"ஏண்டி உனக்கு இந்த வேலை? யாராவது பார்த்தா?"

"காய்ஞ்சிடும்க்கா."

"பார்த்தவன் கண்ணு காயுமா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தினமும் காலையில் கஞ்சித் தாத்தா மைதாவைக் கரைத்துப் பெரிய அண்டாவில் படிகாரம் போட்டுக் காய்ச்சுவார். நாற்பது வருடமாக அதையே செய்துவந்தார். பெண்கள்தான் அவருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். "கஞ்சித் தாத்தா, இன்னிக்கு உப்பு கம்மி" என்று கத்துவார்கள். "தொட்டுக்க ஊறுகா கொண்டாந்தியா?" என்று அவரும் கத்துவார். ஆறிய பசையைப் பதினெட்டுக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார். அதன் பிறகு ஒவ்வொருத்தியும் தன் கிண்ணத்தில் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரை ஒரு மூடி ஊற்றிக் கலக்க வேண்டும். மாவுப் பசை என்றால் புத்தகப்பூச்சிக்கு உயிர். மயில்துத்தம் விஷம், அது கலந்திருந்தால் பூச்சி அண்டாது, ஒட்டிய தாள் முப்பது வருடம் அசையாது. அந்த நீலம் விரலில் இறங்கும். பசை அறைப் பெண்களின் நக இடுக்கில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு கோடு எப்போதும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கைக்கு நகம் வெட்டிவிடுவது சின்ன வயதிலிருந்தே அக்காவின் வழக்கம். முப்பது வயதாகியும் நிற்கவில்லை. ஒரு ஞாயிறன்று நகத்தில் நீலம் இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. அக்கா கையைத் திருப்பிப் பார்த்தாள், தங்கையின் முகத்தைப் பார்த்தாள். தங்கை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் தூக்கம் போய்விடும். ஒரு தையல் குறைந்தால் பிரித்து மறுபடி போடுகிறவள், இதை மட்டும் மூன்று வருடம் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த மூன்றாம் வருடம் மழை விடாமல் பெய்தது. ஈரத்தில் பூச்சி பெருகியது.

வழிபாட்டுக் கூடத்தில் வாரத்துக்கு ஒருநாள் கதை வாசிப்பு உண்டு. வாசிப்பு ஐயா என்று ஒருவர், இருபது வருடமாக வாசிப்பவர். கண் வரியில் இருக்கும், வாய் அது பாட்டுக்குப் போகும், மனம் எங்கேயோ மேயும். தண்ணீர் இறைக்கும் மோட்டார் மாதிரி ஒரே சுதி. பின் பெஞ்சுகளில் பெண்கள் தூங்குவார்கள். அன்றைக்கு அவர் எடுத்தது உப்பளத்துக்காரி கதை. மனம் திருந்தியவள் கதை என்று அறிமுகம் சொல்லிவிட்டு, நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போனார். புத்தகத்தைப் பிரித்ததும் வெள்ளையாக ஒன்று அவர் மடியில் விழுந்தது. அவர் பார்க்கவில்லை. இன்னொன்று தரையில் விழுந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மோட்டாரைப் போட்டார்.

"...அவள் தலை நிமிர்ந்து, நான் சொன்னதை நான்தான் சொன்னேன், எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, உங்கள் கடவுளுக்கு என்னிடம் கோபம் இருந்தால் அவரே வந்து சொல்லட்டும், நடுவில் நீங்கள் எதற்கு என்றாள்..."

இரண்டு பக்கம் வாசித்தார். அதே சுதி, அதே வேகம். முதலில் விழித்தது பின் பெஞ்சு. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். கூடத்தில் இருமல்கூட இல்லை. அந்த அமைதிதான் வாசிப்பு ஐயாவை எழுப்பியது. தலையைத் தூக்கிப் பார்த்தார். முன் வரிசையில் மூத்தவர்களின் முகங்களைப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த தாளைப் பார்த்தார். புத்தகம் கையிலிருந்து நழுவியது. நழுவிய புத்தகத்திலிருந்து நாலைந்து தாள்கள் பறந்தன.

அக்கா மட்டும் தாளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த தங்கையின் நகத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் அக்கா கேட்டாள். இனிமேல் கேட்காமல் இருந்து என்ன பயன்?

"எத்தனை புத்தகம்?"

"எண்ணலை."

"பொய் சொல்லாதடி. நீ எண்ணுவே."

"இருநூத்தி பன்னெண்டு."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீலத் தண்ணியை என்ன பண்ணின?"

"சாக்கடைல ஊத்திடுவேன். பாட்டில் காலியாகணும்ல." தங்கை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "புத்தகத்துல வீரன் கத்திட்டுச் செத்துப்போறான்க்கா. நான் கத்த முடியாது, முதல் தேதி சம்பளம் வாங்கணும். பூச்சி மெதுவா தின்னுடும்னு நினைச்சேன். ஒண்ணொண்ணா, ஒவ்வொரு வீட்டுல, யாரோ ஒருத்தர் கைல. நான் கிழவியாகிச் செத்த பிறகு. வாசிப்பு ஐயா மைக் முன்னாடி பிரிப்பாருன்னு யாரு கண்டா?"

மறு வாரம் நூலகத்துப் புத்தகங்களையெல்லாம் உதறிப் பார்த்தார்கள். உதிர்ந்ததும் உதிராததும் கலந்து கிடந்தன. எந்தப் புத்தகத்தை யார் ஒட்டியது என்று மேஸ்திரி குறித்து வைத்திருக்க வேண்டும். அது சபை விதி. அவர் ஒருநாளும் குறித்ததில்லை. அதனால் அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கஞ்சித் தாத்தா கிடைத்தார்.

மேஸ்திரி ஒரு சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஒண்ணுமில்லம்மா. பெரியவரு வயசாயிட்டாரு. படிகாரம் போட மறந்துட்டாரு. பசை கெட்டுப்போச்சு. இதுதான் நடந்தது. பதினேழு பொண்ணுங்களும் வாக்குமூலத்துல விரல் வச்சாச்சு. உன்னுது ஒண்ணுதான் பாக்கி. வியாழக்கிழமை வந்து வச்சுட்டுப் போயிடு."

"அவருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள் தங்கை.

"திருத்தக விடுதிக்கு அனுப்புவாங்க. மூணு வருஷம்."

"எழுபத்தி நாலு வயசு அவருக்கு. நுரையீரல் வேற சரியில்லை."

மேஸ்திரி அக்காவைப் பார்த்தார். "நீங்க பெரியவங்க. எடுத்துச் சொல்லுங்க. ஆழம் தெரியாம காலை விட வேணாம்." வாசலில் திரும்பி, "வீட்டாள் சாட்சியா நீங்களும் வரணும். பொம்பளைங்க விரல் தனியா செல்லாது" என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது என்று அக்கா இன்றைக்கும் நம்புகிறாள். தெரிந்தும் அவர் காட்டியது ஒரு விதக் கருணைதான். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அந்த மூன்று நாள் அக்கா கெஞ்சியதை ஒளித்துச் சொல்ல முடியாது. எந்தக் கதையிலும் இல்லாத அக்கா இந்த வீட்டில் இருந்தாள், காதைப் பிடித்து இழுக்கவும் செய்தாள்.

"அவரு யாருடி உனக்கு? மாமனா, மச்சானா?"

"கஞ்சி ஊத்தினவரு."

"விளையாடாத. அவரு வாழ்ந்து முடிச்சவரு. நீ?"

"அதைத்தான்க்கா அவங்களும் சொல்றாங்க. வாழ்ந்து முடிச்சவரு, தள்ளிவிடுன்னு."

"ஒரு விரலு. ஒரு நிமிஷம். வச்சுட்டு வந்துடலாம். நான் உன் காலைப் பிடிக்கவா? உன்னை அந்த மூலைலேர்ந்து தூக்கினது நான். மருத்துவச்சி இல்லை, அம்மா இல்லை, நான். அந்த உசுரு உன்னுது மட்டும்னு நினைச்சியா?"

தங்கை தையல் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். பிறகு, "அந்த உப்பளத்துக்காரியை நான் ரொம்பக் கிண்டல் பண்ணிட்டேன்க்கா" என்றாள். "செத்துட்டா சுலபம்னு சொன்னேன். அதுக்கு முந்தின வரி கஷ்டம்னு அப்ப தோணலை." கொஞ்சம் கழித்து, "எனக்கும் பயமா இருக்கு. வயித்தைப் புரட்டுது. அவளுக்கு வயித்தைப் புரட்டிச்சுன்னு அந்தாளு எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

புதன்கிழமை மாலை வரை அவள் எதுவும் தீர்த்துச் சொல்லவில்லை. விரல் வைத்துவிடுவாள் என்றே அக்கா நம்பினாள். வியாழக்கிழமை போட்டுக்கொண்டு போக ஒரு உடையைத் துவைத்துக் காயப் போட்டாள்.

சபை அலுவலகத்தில் எழுத்தர் அறை சின்னது. ஒரு மேஜை, மைப்பெட்டி, விரலைத் துடைக்கக் கறுத்துப்போன ஒரு துணி, சுவரில் ஒரு கடிகாரம். எழுத்தர் இளைஞர், சளி பிடித்திருந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாக்குமூலத்தைப் படித்தார். மேஸ்திரி கதவோரம் நின்றார். வெளியே பெஞ்சில் கஞ்சித் தாத்தா உட்கார்ந்திருந்தார். யாரோ அவரிடம் ஒரு துணி மூட்டை கட்டிவரச் சொல்லியிருந்தார்கள். அதை மடியில் வைத்திருந்தார். உள்ளே போகும்போது தங்கை, "என்ன தாத்தா, ஊறுகா எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் சிரிக்க முயன்றார். வாய் கோணியதே தவிர, சிரிப்பு வரவில்லை.

எழுத்தர் மைப்பெட்டியைத் தள்ளினார். "இடது கட்டைவிரல்."

"இது தப்பா எழுதியிருக்குங்க" என்றாள் தங்கை.

"எது தப்பு?"

"பெரியவரு படிகாரம் போட்டாரு. தினமும் போட்டாரு. நான்தான் மயில்துத்தம் கலக்கலை. மூணு வருஷமா. தெரிஞ்சேதான் கலக்கலை. அப்படி எழுதுங்க."

மேஸ்திரி, "ஏய்" என்றார். எழுத்தர் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினார். அக்காவுக்குக் காது அடைத்துக்கொண்டது. கடிகாரத்தின் முள் நகர்வது மட்டும் தெரிந்தது.

"யார் சொல்லிக்கொடுத்தது இதை?" என்று எழுத்தர் கேட்டார். "உனக்கா தோணியிருக்காது. அந்தப் பெயரைச் சொல்லு. உன்னுதைக் குறைச்சு எழுதறேன்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். உப்பளத்துக்காரியின் பேச்சை இப்போது தங்கை சொல்வாள், நிமிர்ந்து நின்று, அச்சில் இருந்தபடியே சொல்வாள் என்று நினைத்தாள். தங்கை சொல்லவில்லை. அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "யாருமில்லைங்க" என்றாள். விக்கினாள். "நான்தாங்க." மறுபடி விக்கினாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எழுத்தர் ஒரு புதுத் தாளை எடுத்து எழுதினார். நாலு வரி. படித்துக் காட்டினார். மைப்பெட்டியை மறுபடி தள்ளினார்.

தங்கை மைப்பெட்டியைத் தொடவில்லை. "பேனா குடுங்க" என்றாள்.

"என்னது?"

"விரலு வச்சா யாரோ பிடிச்சு வச்சாங்கன்னு சொல்லலாம். எழுதினா சொல்ல முடியாதுல்லங்க."

எழுதத் தெரியும் என்று காட்டுவதே ஒரு குற்றம். அதற்குத் தனியாக ஒரு வருடம். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எழுத்தர் பேனாவைக் கொடுக்கவில்லை, பிடுங்கிக்கொள்ளவும் இல்லை. மேஜை மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். ஒருவேளை அவருக்கும் பார்க்க ஆசையாக இருந்திருக்கலாம்.

தங்கை பேனா பிடித்து எழுதியதே இல்லை. தூரிகையைப் பிடிப்பது போல நட்டுவைத்துப் பிடித்தாள். முதல் எழுத்தில் மை கசிந்தது. காய்ந்து மறையாத ஒன்றை எழுதுகிறோம் என்ற பயத்திலோ என்னவோ, ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். அப்பா வைத்த முழுப் பெயர், பிறப்புப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத பெயர். கீழே தேதியும் போட்டாள்.

"வீட்டாள் சாட்சி" என்றார் எழுத்தர், அக்காவைப் பார்த்து.

வைக்காவிட்டால் வாக்குமூலம் செல்லாது. அது அக்காவுக்குத் தெரியும். அப்படியே திரும்பி நடந்திருக்கலாம். அவள் கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தாள். இருபத்தைந்து வருடமாக ஊசி குத்திய விரல். ரேகை சரியாக விழவில்லை. கறுப்பாக ஒரு திட்டுத்தான் விழுந்தது. இன்னொரு முறை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். மூன்றாவது முறையும் வைத்தாள்.

தங்கைக்கு நான்கு வருடம் கொடுத்தார்கள். கஞ்சித் தாத்தா மூட்டையோடு வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்து வாசலில் நின்று கத்தினார். "நான் கேட்டேனா? என்னைக் காப்பாத்துன்னு நான் யாரையாவது கேட்டேனா? இனிமே நான் எப்படிச் சோறு திங்கறது?" அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். எட்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், தம் கட்டிலில் படுத்திருந்தபடியே அவர் போய்ச் சேர்ந்தார். நூலகத்துப் புத்தகங்களுக்கெல்லாம் புதுத் தாள் ஒட்டியாகிவிட்டது. இப்போது பசை இல்லை, பிசின். சட்டைக் கடைக்காரர் அக்காவுக்கு வேலை கொடுப்பதைப் பாதியாகக் குறைத்தார். தெருவில் சிலர் எதிர்ப் பக்கம் நடக்கிறார்கள்.

மாதம் ஒரு முறை கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தங்கையைப் பார்க்கலாம். இளைத்துவிட்டாள். இருமுகிறாள். போன முறை, விடுதியில் கதைப் புத்தகம் கிடைக்குமா என்று அக்கா கேட்டாள். "கிடைக்கும்க்கா. எல்லாம் பல்வலிக்காரங்கதான்" என்றாள்.

வாக்குமூலத்தின் நகல் ஒன்றை வீட்டாளுக்குக் கொடுப்பது விதி. எழுத்தர் அதைப் படமெடுத்து அச்சடித்துக் கொடுத்தார். அக்கா அதைத் தையல் பெட்டியில், ஊசித் தாளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். நாலு வரியை அவள் வாசிப்பதில்லை. கீழே மை கசிந்த இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு எழுத்தாக, இருபத்தெட்டுத் தையல் எண்ணுகிற கவனத்தோடு வாசிப்பாள். முதல் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மூன்றாவது மற்றவற்றைவிடப் பெரிது. கடைசி எழுத்துக்குக் கீழே, தன் கறுப்புத் திட்டு மூன்றுக்கும் மேலே, அதே கையெழுத்தில் இருக்கிறது: பிப்ரவரி 9, வியாழக்கிழமை.